வட்டமா குக்கிட்டு பேசற கூட்டம்: அடிக்கடி கேக்கற கேள்விங்க

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்து காலேஜ் பசங்க, புள்ளைங்களை வெச்சு நடத்தற பேச்சு வட்டத்தைப் பத்தி வாட்ஸாப்ல அதே கேள்விங்க திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதனால ஒட்டுக்கா இங்க எழுதிடறேன். கேள்விங்களை நீங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், ஒண்ணு ரெண்டு காட்டமானதும் இருக்கு.

இது என்னங்க, பட்டிமன்றமா? செமினாரா? கவுன்சிலிங்கா?

மூணுமே இல்லீங்க. பட்டிமன்றம்னா ரெண்டு அணி, ஒரு நடுவர், கடைசில தீர்ப்பு, பொன்னாடை. எந்த அணில போட்டாங்களோ அதுக்குத்தான் பேசணும், நீங்க நெசமாலுமே என்ன நினைக்கறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. செமினார்ல ஒருத்தர் பேசுவாரு, மத்தவங்க போனை நோண்டுவாங்க. இங்க ஒரு 12, 15 பேரு வட்டமா குக்குவோம், ஒரே ஒரு தலைப்பு, ரெண்டு மணி நேரம், நடத்தி வைக்க ரெண்டு பேரு. தீர்மானம் கிடையாது, கை தூக்கி ஓட்டு கிடையாது, போட்டோவுக்கு போஸும் கிடையாது.

நம்ம பக்கத்துல ஒரு பழக்கம் இருக்கு. கூட்டத்துல குக்கிட்டு "ஆமாங்க, சரிங்க"ன்னு தலையாட்டுவோம், வெளிய வந்து பேக்கரில டீயும் தேங்கா பன்னும் சொன்னப்பறம் தான் "அந்தாளு பேசுனது ஒண்ணுமே சரியில்ல மாப்ள"ன்னு ஆரம்பிப்போம், அங்க தான் உண்மையே வரும், ஆனா யாரு கேக்கணுமோ அவரு அங்க இருக்க மாட்டாரு. அந்த பேக்கரிப் பேச்சை அந்த ஆளு முன்னாடியே, மரியாதை கெடாம பேச முடியுமான்னு தான் பாக்கறோம்.

நடத்தறவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களும் கருத்து சொல்லுவாங்களா?

சொல்ல மாட்டாங்க. இதுதான் நெம்ப கஷ்டமான வேலை, வாயை மூடிட்டு குக்கறது. ஃபெசிலிடேட்டர்னு சொல்றோம், பசங்க அண்ணா அக்கான்னு தான் கூப்பிடுவாங்க. யாரு ரொம்ப நேரமா பேசறாங்க, யாரு வாயைத் தொறக்கப் போயி தொறக்காமயே விட்டாங்க, எந்த வார்த்தைல ஒருத்தரோட மூஞ்சி மாறுச்சு, இதையெல்லாம் பாத்துட்டே இருக்கணும். நாலு பேரு சேந்து ஒருத்தரை மடக்கற மாதிரி போச்சுன்னா நிறுத்தி, "இவரு சொன்னதை நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க, உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க"ம்பாங்க. அப்படி சொல்லச் சொன்னா பாதி சண்டை அங்கயே காணாமப் போயிரும், ஏன்னா அவரு சொன்னதும் இவரு கேட்டதும் வேற வேறயா இருக்கும்.

அப்பறம் கேள்வி. "இது சரியா தப்பா"ன்னு நாங்க கேக்கவே மாட்டோம். "இப்படி நினைக்க ஆரம்பிச்சது எப்ப இருந்து", "உங்க வீட்டுல இதைப் பத்தி யாரு என்ன பேசுவாங்க", "நீங்க சொல்றதுலயே உங்களுக்கே சந்தேகமா இருக்கற இடம் எது", இந்த மாதிரி தான். கருத்தைக் கேட்டா ஆளு மொறைச்சுட்டு நிப்பாரு, நடந்ததைக் கேட்டா சொல்ல ஆரம்பிப்பாரு.

ரெண்டு பேரு எதுக்குன்னு கேக்கறாங்க. ஒருத்தரே நடத்துனா அவரு எந்தப் பக்கத்து ஆளுன்னு பசங்க அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சிருவாங்க. அதனால ஒரு ஆணு ஒரு பொண்ணு, இல்ல டவுன்ல வளந்தவரு ஒருத்தரு, காட்டுத் தோட்டத்துல வளந்தவரு ஒருத்தரு, அப்படி ஜோடி போடறோம். அமெரிக்கால மிச்சிகன் யுனிவர்சிட்டில 1988லயே ஆரம்பிச்ச மாணவர் உரையாடல் திட்டத்துல, எந்த ரெண்டு தரப்பு பேசுதோ அந்த ரெண்டுலருந்தும் ஒவ்வொருத்தர் நடத்துவாங்க, அங்கிருந்து எடுத்த யோசனை தான் இது.

ரெண்டு மணி நேரம் என்னதான் நடக்கும்?

மொதல்ல ஒரு சுத்து, பேரும் இன்னைக்கு எப்படி இருக்கீங்கங்கறதும் மட்டும். காலேஜ் பேரு, டிபார்ட்மென்ட், ஊரு இதெல்லாம் வேணும்னே கேக்கறது இல்ல, ஏன்னா நம்ம ஊர்ல "எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்"னு ரெண்டு கேள்வி கேட்டாப் போதும், ஆளோட ஜாதகமே தெரிஞ்சிரும், அப்பறம் அவரு என்ன பேசுனாலும் அந்தக் கண்ணுல தான் பாப்பாங்க.

அப்பறம் தலைப்பு. அதுல தங்களுக்கு நேரா தெரிஞ்ச ஒரு சம்பவத்தை ஒவ்வொருத்தரும் ரெண்டு நிமிசம் சொல்லணும், குறுக்க யாரும் பேசக்கூடாது. கைல ஒரு பம்பரம் சுத்தி வரும், அது யாரு கைல இருக்கோ அவரு தான் பேசணும். (மைக்கு மாதிரி ஏதாச்சும் வெச்சா ஆளுங்க மேடைப்பேச்சுக்குப் போயிடறாங்க, அதான் பம்பரம்.) அந்த சுத்து முடிஞ்சா பம்பரத்தை ஓரமா வெச்சுட்டு எல்லாரும் பேசலாம், கேக்கலாம், மறுக்கலாம், ஒரு மணி நேரம் அப்படிப் போகும். ஆளு ஜாஸ்தியா வந்துட்டா மீன் தொட்டி முறை, நடுவுல அஞ்சு சேரு, அதுல நாலு பேரு பேசுவாங்க, ஒரு சேரு காலியா இருக்கும், பேசணும்னு தோணுறவங்க வெளி வட்டத்துல இருந்து எந்திரிச்சு வந்து அதுல குக்கலாம், உடனே உள்ள இருக்கற ஒருத்தரு எந்திரிச்சு வெளிய போகணும். கடைசில இன்னொரு சுத்து, இங்க கேட்டதுல எது மனசுல நின்னுச்சுன்னு மட்டும்.

நடுநடுவுல அமைதி வரும். ஒரு நிமிசம்கூட இருக்கும். மொதல்தடவை வர்றவங்க பதறிருவாங்க, ஒண்ணும் ஆகாது, இருங்க.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு தானே? நம்மகிட்ட இல்லாததா?

கொஞ்சம் வெளிநாடு தான், மறைக்க என்ன இருக்கு. டேவிட் போம்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி (1917–1992), ஜே. கிருஷ்ணமூர்த்தி கூட வருசக்கணக்கா உரையாடுனவரு, கடைசிக் காலத்துல இந்த வட்டப் பேச்சைப் பத்தி நெறைய ரோசனை பண்ணாரு. 20 முதல் 40 பேரு, தலைப்பே வேண்டாம், நடத்தறவரும் போகப்போக தேவைப்படக் கூடாதுன்னாரு. நமக்கு அது ஒத்துவராது, தலைப்பு இல்லைன்னா நம்ம பசங்க கிரிக்கெட்டுக்குப் போயிருவாங்க. ஆனா அவரு சொன்ன ஒண்ணு அப்படியே எடுத்துக்கிட்டோம்: கோபம் வந்தா அதை அமுக்கவும் வேண்டாம், கக்கவும் வேண்டாம், "ஓ, இதுக்கு எனக்கு இப்படி சுர்ருங்குதே"ன்னு கொஞ்ச நேரம் அதையே பாரு.

இன்னொருத்தரு ஹெரால்ட் சாண்டர்ஸ். அமெரிக்க ராஜதந்திரி, எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவுல 1978ல ஆன கேம்ப் டேவிட் ஒப்பந்தத்துல வேலை பாத்தவரு. அரசாங்கங்க கையெழுத்துப் போட்டா மட்டும் ஜனங்களுக்குள்ள சமாதானம் வந்துராதுன்னு புரிஞ்சு, தஜிகிஸ்தான்ல உள்நாட்டுப் போரு நடந்துட்டு இருக்கும்போதே 1993ல இருந்து எதிரெதிர் தரப்பு ஆளுங்களைத் திரும்பத் திரும்ப ஒண்ணா குக்க வெச்சாரு. 1999ல பிரின்ஸ்டன் மாணவருங்க அதே முறையை தங்க கேம்பஸ்ல இருந்த நிறவெறிப் பிரச்சினைக்கு எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட இருந்து நாங்க எடுத்துக்கிட்டது அந்த "திரும்பத் திரும்ப"ங்கறதை. ஒருக்கா வந்துட்டுப் போனா பெருசா ஒண்ணும் நடக்காது, அதே ஆளுங்க ஒரு செமஸ்டர் முழுக்க வரணும்.

நம்மகிட்டயும் மரத்தடி ஊர்க்கூட்டம் இருந்துச்சுன்னு பெருமையா சொல்லுவாங்க. இருந்துச்சு. அதுல யாரு திண்ணைல குக்குனாங்க, யாரு கை கட்டிட்டு தூரமா நின்னாங்க, பொம்பளைங்க எங்க இருந்தாங்கன்னு உங்க அப்புச்சிகிட்ட கேட்டுட்டு வாங்க, அப்பறம் பேசலாம்.

என்ன தலைப்பு பேசுவீங்க?

லேடீஸ் ஹாஸ்டல் கேட்டு மட்டும் ஏன் முன்னாடியே சாத்தறாங்க, தமிழ் மீடியத்துல இருந்து வந்து இங்கிலீஷ்ல பேந்தப் பேந்த முழிக்கறது, காட்டை வித்து சைட் போடறது, ப்ளேஸ்மென்ட்டு, அரியர், லவ் மேரேஜ், ஏஐல அசைன்மென்ட் எழுதறது, பாதி பசங்களே சொல்றது தான்.

ஒண்ணு மட்டும் வெலாவாரியா சொல்றேன். கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடற விசயம். பவானிசாகர் டேம் 1955ல முடிஞ்சது, அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டத்துல 2.07 லட்சம் ஏக்கருக்கு பாசனம். சீரமைக்க 700 கோடிக்கு மேல திட்டம் வந்தப்ப விவசாயிங்களே ரெண்டா பிரிஞ்சாங்க. கடைமடைக்காரங்களுக்கு தண்ணி வந்து சேர மாட்டீங்குது, கரையும் ஒடையுது, அதனால கான்கிரீட் போடுன்னு ஒரு தரப்பு. வாய்க்கால் கசிவுல தான் எங்க கெணறும் போரும் ஊறுது, குடிக்கற தண்ணியே அதுதான், கான்கிரீட் போட்டா நாங்க செத்தோம்னு இன்னொரு தரப்பு. ரெண்டு பக்கமும் உண்ணாவிரதம், ஆர்ப்பாட்டம், கேஸு.

இப்ப அந்த ரெண்டு வீட்டுப் புள்ளைங்களும் ஒரே காலேஜ்ல ஒரே பெஞ்சுல தான் குக்கறாங்க. இதை பட்டிமன்றமாப் போட்டா "கான்கிரீட் வேண்டும்", "வேண்டாம்"னு ரெண்டு தலைப்பு, ரெண்டு கைதட்டல், முடிஞ்சுது. வட்டத்துல கேக்கறது வேற: உங்க கெணத்துல தண்ணி எத்தனை அடில நிக்குது, வாய்க்கால்ல தண்ணி நின்னு எத்தனை நாள்ல கெணறு எறங்குது, கடைசி மதகுக்கு முறைத் தண்ணி வந்து சேர எத்தனை நாள் ஆகுது, வரலைன்னா உங்கப்பன் என்ன வேலைக்குப் போவாரு. இந்தக் கேள்விகளுக்கு பதில் சொல்லச் சொல்ல, "அவங்க காண்ட்ராக்டர்கிட்ட காசு வாங்கிட்டாங்க", "இவங்க திருட்டு மோட்டார் போடறவங்க"ங்கற பேச்செல்லாம் தானா கொறையும். கான்கிரீட் வேணுமா வேண்டாமாங்கறது அந்த ரூமுல தீராது, அதைத் தீர்க்க எங்களுக்கு என்ன பவர் இருக்கு? ஆனா எதிராளிக்கும் ஒரு கெணறு இருக்கு, ஒரு காய்ஞ்ச காடு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் எந்திரிப்பாங்க.

வடக்கத்தி ஆளுங்களைப் பத்தின வட்டமும் இப்படித்தான். 2023 மார்ச்சுல பீகார்காரங்களை தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி, திருப்பூர் பக்கம் இருந்து எத்தனையோ தொழிலாளிங்க பயந்து ரயிலேறுனாங்களே, அப்ப பனியன் கம்பெனி வெச்சிருக்கற வீட்டுப் பையனும், "அவங்க வந்து எங்கம்மா கூலி கொறைஞ்சு போச்சு"ங்கற புள்ளையும் ஒரே தலைப்பை எப்படிப் பேசுவாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

சாதி பேசலாமா? பேசுனா பிரச்சினை ஆயிடாதா?

பேசாமயே எத்தனை பிரச்சினை ஆயிருக்கு. 2015ல திருச்செங்கோட்டுல கோயிலுக்குப் போன எடத்துல இருந்து கடத்திக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ், 2016ல உடுமலைல பட்டப்பகல்ல வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர், ஒருத்தரு இன்ஜினியரிங் முடிச்சவரு, இன்னொருத்தரு படிச்சுட்டு இருந்தவரு, ரெண்டு பேரும் உங்க வயசு. அதனால "காலேஜ் பசங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்"ங்கற பேச்சை நாங்க எடுத்துக்கறதில்ல.

ஆனா மொத வட்டத்துலயே எடுக்க மாட்டோம். அதே ஆளுங்க நாலஞ்சு தடவை ஒண்ணா குக்கி, ஒருத்தரை ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிடற நெலமை வந்தப்பறம் தான். தலைப்பை ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருவோம், வர விருப்பம் இல்லாதவங்க வர வேண்டாம், காரணம் கேக்க மாட்டோம். யாரையும் நீ என்ன ஆளுன்னு கேக்கக் கூடாது, அவங்களா சொன்னா சரி. "உங்க ஆளுங்க ஏன் இப்படி"ன்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாது, ஒருத்தரை ஒரு சாதிக்கே பிரதிநிதியா ஆக்கறது அநியாயம். முக்கியமா, அடிபட்டவங்க தங்க காயத்தைக் காட்டித்தான் மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கணும்னு எதிர்பாக்க மாட்டோம். அதனால நாங்க கேக்கறது மத்தவங்களை: உங்க வீட்டுல யாருக்குத் தனி டம்ளரு இருந்துச்சு, யாரு வாசலோட நின்னாங்க, அதை மொதல்ல எப்ப கவனிச்சீங்க. இந்தக் கேள்விக்கு வர்ற அமைதி இருக்கே, அது வேற எந்தத் தலைப்புலயும் வராது.

கொலையை நியாயப்படுத்திப் பேசுனா? நிறுத்திருவோம். வட்டத்துல இருக்கற ஒருத்தரு மனுசனே இல்லைங்கற மாதிரி பேசறது கருத்துக் கணக்குல சேராது. இதுல நடுநிலை பாக்கறதில்லீங்க.

நான் ரொம்ப கூச்ச சுபாவம், பேசலைன்னா பரவால்லையா?

பரவால்ல, "பாஸ்"னு சொல்லி பம்பரத்தை அடுத்தவங்ககிட்ட குடுத்துருங்க. செமஸ்டர் முழுக்க பாஸ் சொன்னவங்களும் இருக்காங்க.

தமிழ்லயா இங்கிலீஷ்லயா?

எது வாய்ல வருதோ அது. கோயமுத்தூர்ல வீட்டுக்குள்ள தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசறவங்க எத்தனை பேரு, எல்லாருமே கலந்து கட்டித்தான் பேசுவாங்க. பக்கத்துல இருக்கறவரு மாத்திச் சொல்லுவாரு. இங்கிலீஷ் நல்லா வர்றவங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் வேகத்தைக் கொறைங்க.

லொள்ளு பேசலாமா?

கோயமுத்தூர்ல குக்கிட்டு இதைத் தடுக்க முடியுமா? தாராளமா பேசுங்க. ஆனா ஒருத்தரு கஷ்டப்பட்டு எதையோ சொல்ல வரும்போது பக்கத்துல இருந்து ஒரு ஜோக் வந்து விழுந்தா, எல்லாரும் சிரிச்சிருவாங்க, அவரும் சிரிச்சிட்டு சொல்ல வந்ததை முழுங்கிருவாரு. அந்த நேரத்துல அக்கா ஒரு பார்வை பாப்பாங்க, அப்ப பொட்டாட்டம் இருங்க.

நான் சொல்றது வெளிய போகாதுன்னு என்ன கேரண்டி?

லண்டன்ல சாத்தம் ஹவுஸ்னு ஒரு இடத்துல 1927ல ஒரு விதி போட்டாங்க: கூட்டத்துல கேட்ட விசயத்தை வெளிய பயன்படுத்தலாம், யாரு சொன்னதுன்னு சொல்லக்கூடாது. நம்ம விதி இன்னும் இறுக்கம், ஏன்னா பேரைச் சொல்லலைன்னாலும் "பெருந்துறைல இருந்து வர்ற ஒரு சிவில் பையன்"னா ஆளைக் கண்டுபுடிச்சிருவாங்க. அதனால அடுத்தவரோட கதையையே வெளிய சொல்லக் கூடாது, உங்களுக்கு என்ன தோணுச்சுங்கறதை மட்டும் சொல்லலாம். போனு வாசல்ல பொட்டில. ஸ்டேட்டஸ், ரீல்ஸ் எதுவும் வேண்டாம். நூத்துக்கு நூறு கேரண்டி யாராலயும் குடுக்க முடியாது, அதனால நாளைக்கு வெளிய தெரிஞ்சா உங்களால தாங்க முடியாத விசயத்தை வட்டத்துல வெக்காதீங்க, இதை மொத நாளே சொல்லிருவோம்.

இதுல ஒரு விதிவிலக்கு உண்டு. யாரோட உசுருக்காச்சும் ஆபத்துன்னு தெரிஞ்சா நாங்க சும்மா இருக்க மாட்டோம், அவங்ககிட்ட சொல்லிட்டே உதவி தேடுவோம். நாங்க டாக்டரு இல்ல, கவுன்சிலரும் இல்ல. மனசு தாங்கலைன்னா டெலி மானஸ்ங்கற அரசாங்க ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. ராகிங்னா யுஜிசி ஹெல்ப்லைன் 1800-180-5522. பாலியல் தொந்தரவுன்னா 2013 சட்டப்படி உங்க காலேஜ்லயே உள் புகார் குழு இருந்தாகணும், எழுத்துல குடுங்க, கூட வரணும்னா வர்றோம்.

வாத்தியாருங்க இருப்பாங்களா?

இன்டர்னல் மார்க் கைல வெச்சிருக்கறவரு முன்னாடி எவன் உண்மையைப் பேசுவான்? இருக்க மாட்டாங்க.

எந்தக் கட்சி ஆளுங்க நீங்க? காசு யாரு குடுக்கறாங்க?

வட்டத்துக்கு வர்ற பசங்க எல்லாக் கட்சிலயும் இருக்காங்க, அது அவங்க இஷ்டம். துண்டு, கொடி, நோட்டீஸு உள்ள வராது. செலவுன்னு பாத்தா டீயும் சேரு வாடகையும் தான், அதை நாங்களே பங்கு போட்டுக்கறோம்.

பேசிப் பேசி என்னத்தைக் கிழிச்சீங்க?

இதைக் கேட்ட தம்பிக்கு நன்றி, நெசமாலுமே நல்ல கேள்வி. எல்லாத்துக்கும் வட்டம் மருந்தில்ல. ஹாஸ்டல் சாப்பாட்டுல புழு இருந்தா, ஃபீஸ் ரசீது தர மாட்டீங்கறாங்கன்னா, ஒரு வாத்தியாரு தப்பா நடந்துக்கறாருன்னா, அதுக்கு வட்டம் போடக் கூடாது, புகார் குடுக்கணும். சில மேனேஜ்மென்ட்டுங்க "பசங்க ரொம்ப கொதிச்சுப் போயிருக்காங்க, நீங்க வந்து ஒரு டயலாக் நடத்தி அமைதிப்படுத்துங்க"ன்னு கூப்பிடுவாங்க. அதுக்கு நாங்க போக மாட்டோம். ஒரு பக்கம் டிசி குடுக்கற அதிகாரம், இன்னொரு பக்கம் வெறுங்கையோட நிக்கற பையன், இவங்களை வட்டமா குக்க வெச்சு சமமா பேசுங்கன்னா அது ஏமாத்து வேலை. வட்டம் உதவறது பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் உங்களுக்கும் நடுவுல.

எங்க காலேஜ்ல நாங்களே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிங்க, எங்ககிட்ட பர்மிசன் வேண்டியதில்ல. ஆனா காலேஜ்ல வாங்கணும், "மாணவர் கலந்துரையாடல்"னு லெட்டர்ல எழுதுனா பெரும்பாலும் குடுத்துருவாங்க, தலைப்பு கேட்டா மொத தலைப்பை மட்டும் சொல்லுங்க. எழுதற பலகை வெச்ச சேரு வேண்டாம், அதைப் பாத்தாலே பரீட்சை மூடு வந்துரும். ஃபேன் சத்தம் ஜாஸ்தியான ரூமுல மெதுவாப் பேசறவங்க கொரலு எடுபடாது, அதைப் பாத்து ரூம் புடிங்க. நடத்தப் போற ரெண்டு பேரும் மொதல்ல வேற வட்டத்துல நாலு தடவையாச்சும் சும்மா குக்கிப் பாருங்க. மாடல் எக்ஸாம் வாரத்துல வெக்காதீங்க, பங்குனில பண்ணாரி குண்டம் சமயத்துல சத்தி, கோபி பக்கத்துப் பசங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. பொழுதோட அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஏழுக்கெல்லாம் முடிச்சிருங்க, நேரம் ஆச்சுன்னா தூரத்துப் புள்ளைங்க கடைசி டவுன் பஸ்ஸை நெனச்சுட்டே குக்கியிருப்பாங்க, அப்ப எந்தப் பேச்சும் காதுல ஏறாது.